ஆறு டாலருக்கும் 900 யூரோவுக்கும் நடுவே: டென்னிஸ் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு டென்னிஸ் சங்கத்தின் நிர்வாகிகளுக்கும், அவர்கள் வழியாக அகில இந்திய டென்னிஸ் சங்கத்துக்கும்,

வணக்கம்.

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. நான் நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கில் உட்கார்ந்திருந்தேன். சுமித் நாகல் இத்தாலியின் லூகா நார்டியை 6-1, 6-4 என்று தோற்கடித்து சென்னை ஓப்பன் சேலஞ்சர் கோப்பையை வாங்கினார். சேலஞ்சர் என்பது பெரிய ஏடிபி போட்டிகளுக்கு ஒரு படி கீழே இருக்கும் போட்டி. மறுநாள் வந்த ஏடிபி தரவரிசையில், அதாவது ஆண்களுக்கான உலகத் தரவரிசையில், அவர் இடம் 98. நம்ம ஊர் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் 2019 பிப்ரவரியில் முதல் நூறுக்குள் நுழைந்தார். அடுத்த இந்திய ஆண் ஒருவர் ஒற்றையரில் அந்த வாசலைத் தாண்ட சரியாக ஐந்து ஆண்டு ஆகியிருக்கிறது.

அன்று எல்லோரையும் போல நானும் எழுந்து நின்று கை வலிக்கத் தட்டினேன். மின்சார ரயிலில் வீடு திரும்பும்போதுதான் ஒரு கணக்கு மனதில் ஓடத் தொடங்கியது. நாகலுக்கு அன்று 26 வயது. விம்பிள்டன் சிறுவர் இரட்டையர் கோப்பையை வென்றபோது 17. நடுவில் கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டு. அந்த ஒன்பது ஆண்டில் அவர் எதைச் சாப்பிட்டார், எங்கே தங்கினார், யார் பணத்தில் விமானம் ஏறினார்? அரங்கில் கைதட்டிய நமக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. இந்த மடல் அந்த ஆண்டுகளைப் பற்றியது.

நான் ஆட்டக்காரன் இல்லை. 1997ல் சுவீடனின் மிக்கேல் தில்ஸ்ட்ரோம் கோப்பை வாங்கிய நாள்களிலிருந்து அந்த அரங்கின் மாடத்தில் உட்கார்ந்து பார்ப்பவன். என் அக்கா மகன் ஒருவன் கொஞ்ச காலம் தீவிரமாக ஆடினான். அவனைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நாகல் ஹரியானாவின் ஜஜ்ஜர் மாவட்டத்துக்காரர். அப்பா பள்ளி ஆசிரியர். டென்னிஸ் பின்னணி எதுவும் இல்லாத குடும்பம். பத்து வயதை ஒட்டி, இரட்டையர் ஆட்டத்தில் பெயர் பெற்ற மகேஷ் பூபதி ஒரு டயர் நிறுவனத்தின் துணையோடு நடத்திய திறன் தேடலில் தேர்வானார். 2018க்குள் இந்தியாவிலிருந்து ஒரு கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் சாம்பியனை உருவாக்குவது அந்தத் திட்டத்தின் கனவு. சில ஆண்டுகளில் நிறுவனம் விலகிக்கொண்டது, திட்டம் நின்றது. பையன் மட்டும் நின்றான். அதற்குப் பிறகு பூபதி தன் பொறுப்பில் அவரைத் தாங்கினார். பயிற்சிக்காகக் கனடா, அப்புறம் ஜெர்மனி. இந்தக் கதையில் ஒரு தனிமனிதரின் நல்ல மனம் இருக்கிறது. ஆனால் மாவட்டம், மாநிலம், நாடு என்று படிப்படியாக ஏற்றிவிடும் ஏணி எதுவும் இல்லை. அந்தத் தேர்வு நாளில் அவருக்குக் காய்ச்சல் அடித்திருந்தால், 2024ல் நாம் கைதட்ட ஆள் இருந்திருக்க மாட்டார்.

2015 ஜூலையில் விம்பிள்டன் சிறுவர் இரட்டையர் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் நாகலும் வியட்நாமின் லீ ஹோவாங் நாமும். எதிரே அமெரிக்காவின் ரைலி ஒபெல்கா, அவரோடு அகிரா சான்டிலான். நாகல் ஜோடி 7-6, 6-4 என்று ஜெயித்தது. அந்த நாலு பையன்களையும் அதற்குப் பிறகு தொடர்ந்து பார்த்தால் இந்த மடலில் நான் சொல்ல வருவது முக்கால்வாசி விளங்கிவிடும். ஒபெல்கா அதே ஆண்டு சிறுவர் ஒற்றையர் பட்டத்தையும் எடுத்தவர், உயரமானவர், பயங்கரமான சர்வீஸ். ஒத்துக்கொள்கிறேன். கூடவே, அமெரிக்க டென்னிஸ் சங்கத்தின் பயிற்சி மையத்தில் வளர்ந்தவர். 2019 பிப்ரவரியில் நியூயார்க் ஓப்பன் பட்டம் வாங்கினார், பின்னால் உலகத் தரவரிசையில் 17 வரை போனார். வியட்நாமின் நாம், தன் நாட்டின் முதல் கிராண்ட் ஸ்லாம் சிறுவர் சாம்பியன், முதல் இருநூறுக்குள் வந்ததே இல்லை. நம் நாகல் அதே 2019 தொடக்கத்தில் முந்நூறுக்கும் வெளியே கிடந்தார்.

திறமையில் வித்தியாசமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாலு பேரும் கோப்பைகளோடு புகைப்படத்துக்கு நின்ற நாளில் அவர்களுக்கு நடுவே இருந்த இடைவெளி, நாலு வருடத்துக்குப் பிறகு தரவரிசை காட்டிய இடைவெளி அளவுக்குப் பெரியது இல்லை.

அந்த நாலு வருடம் எப்படிப் போனது? 2017 நவம்பரில் பெங்களூரு சேலஞ்சரில் நாகல் பட்டம் வென்றார். இறுதியில் பிரிட்டனின் ஜே கிளார்க்கைத் தோற்கடித்தார். சொந்த நாட்டு ஆடுகளத்தில் ஒரே ஒரு நல்ல வாரம், தரவரிசையில் ஒரு பெரிய தாவல். அந்த ஆண்டுதான் விராட் கோலியின் அறக்கட்டளையும் கைகொடுக்கத் தொடங்கியது. 2018ல் மறுபடி சரிவு. முதல் சுற்றுத் தோல்விகள், தன்னம்பிக்கைக் குறைவு. 2019ன் தொடக்கத்தில் சில போட்டிகளை முடித்துவிட்டு, பயிற்சியாளரோடு கனடாவிலிருந்து ஜெர்மனிக்கு விமானம் ஏறியபோது பர்ஸில் இருந்தது ஆறு டாலர் என்று பிறகு அவரே பேட்டியில் சொன்னார். ஆறு டாலர். விமான நிலையத்தில் ஒரு காபியும் ரொட்டியும் வாங்கினால் தீர்ந்துவிடும்.

அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் அமெரிக்க ஓப்பனின் தகுதிச் சுற்றுகளைத் தாண்டி, ஆர்தர் ஆஷ் அரங்கில் ரோஜர் ஃபெடரருக்கு எதிரே நின்றார். உலகத் தரவரிசையில் 190. நமக்கு அது செவ்வாய்க்கிழமை காலை. பல் துலக்காமல் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தேன். முதல் செட் 6-4, நாகலுக்கு. பிறகு 1-6, 2-6, 4-6 என்று போனது. அது வேறு விஷயம். முதல் சுற்றில் தோற்றதற்கே அன்று 58,000 டாலர் பரிசு. வருடத் தொடக்கத்தில் ஆறு டாலர், வருட நடுவில் 58,000 டாலர். ஒரு மனிதனின் தொழில் வாழ்க்கை இந்த இரண்டு எண்களுக்கு நடுவே ஊசலாடுகிறது. அந்த ஆட்டம் மட்டும் கிடைக்காமல் போயிருந்தால்?

டென்னிஸின் அடித்தட்டு எப்படி இயங்குகிறது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்குத் தெரியாது. தொலைக்காட்சியில் விம்பிள்டன் பார்ப்பவர்களுக்கு டென்னிஸ் என்றால் கோடிகள். கீழே எம்15 என்று ஒரு போட்டி இருக்கிறது. மொத்தப் பரிசுத் தொகையே 15,000 டாலர். முதன்மைச் சுற்றில் 32 பேர். பல காலமாக அதில் முதல் சுற்றில் தோற்பவருக்குக் கிடைத்து வந்தது 156 டாலர். வரி பிடித்தம் போக மிஞ்சுவது இரண்டு நாள் ஓட்டல் வாடகைக்குச் சரியாகிவிடும். தரவரிசையில் ஏற்றிவிடும் ஏடிபி புள்ளி கிடையாது. தகுதிச் சுற்றில் தோற்றால் பணமும் கிடையாது, நுழைவுக் கட்டணம் போனது போனதுதான்.

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பே ஒரு ஆய்வு நடத்தியது. 2013ஆம் ஆண்டுக் கணக்கு. ஆண் ஆட்டக்காரர் ஒருவருக்கு விமானம், ஓட்டல், சாப்பாடு, ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் மாற்றுவது, துணி துவைப்பது எல்லாம் சேர்த்து ஆண்டுக்குச் சராசரியாக 38,800 டாலர் செலவு. பெண்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. இதில் பயிற்சியாளர் செலவு சேரவில்லை. வரவும் செலவும் சமமாகும் இடம் ஆண்களில் 336ஆவது ரேங்க், பெண்களில் 253. அதற்குக் கீழே இருக்கும் ஒவ்வொருவரும் சொந்தக் காசைப் போட்டுத்தான் தொழில் செய்கிறார்கள். அந்த ஆண்டு போட்டிகளில் ஆடிய ஏறத்தாழ 14,000 பேரில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் பரிசுப் பணம் என்று ஒரு டாலர்கூடக் கிடைக்கவில்லை. முதல் புள்ளி வாங்கியவர் முதல் நூறுக்குள் வர ஆண்களுக்குச் சராசரியாக ஐந்து ஆண்டு ஆகிறது என்பதும் அதே ஆய்வில் உண்டு. வர முடிந்தவர்களின் சராசரி அது.

இப்போது என் அக்கா மகனைச் சொல்கிறேன். பன்னிரண்டு வயதில், சிறுவர் போட்டிகளின் கீழ்ப்படியான டேலண்ட் சீரிஸில் தொடங்கினான். சாம்பியன்ஷிப் சீரிஸ், சூப்பர் சீரிஸ் என்று மேலே வந்தான். அக்காவும் அவனும் இரண்டாம் வகுப்பு படுக்கையில், தலைமாட்டில் ராக்கெட் பையை வைத்துக்கொண்டு, பாதி இந்தியாவைச் சுற்றினார்கள். அத்தான் பி.எஃப். பணத்தில் கை வைத்தார். பதினெட்டு முடிந்ததும் சிறுவர் போட்டிகள் முடிந்துவிட்டன. அப்போது ஃப்யூச்சர்ஸ் என்று சொல்வார்கள், 10,000 டாலர் போட்டிகள். அதன் தகுதிச் சுற்றில் பெயர் கொடுத்தான். மூன்று ஆட்டம் ஜெயித்தால்தான் மெயின் டிரா என்கிற முதன்மைச் சுற்று. பல முறை இரண்டாவதில் போய்விடும். ஒரே ஒரு தடவை மூன்றையும் ஜெயித்து உள்ளே வந்தான். முதல் சுற்று, மூன்றாவது செட், டை-பிரேக், 5-5. அவன் சர்வீஸ். முதல் சர்வ் வலையில். இரண்டாவதைப் பயந்து மெதுவாகப் போட்டான். எதிராளி அதை அடித்து அனுப்பினான். அடுத்த பந்தோடு முடிந்தது. ஜெயித்திருந்தால் ஒரு ஏடிபி புள்ளி. ஒன்றே ஒன்று. உலகத் தரவரிசையில் அவன் பெயர் ஏதோ ஒரு மூலையில், ஆயிரத்தைத் தாண்டி, இருந்திருக்கும்.

இருபது வயதில் ராக்கெட்டை வைத்துவிட்டான். இப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கோர்ட்டில் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறான். சந்தோஷமாகத்தான் இருக்கிறான். ஆனால் அந்த இரண்டாவது சர்வைப் பற்றி இன்றைக்கும் பேசுவான். அவன் நாகல் ஆகியிருப்பான் என்று நான் சொல்லவில்லை. அந்தப் போட்டிக்கு அவனோடு ஒரு பயிற்சியாளர் வரவில்லை, அவன் தங்கிய அறையில் இன்னும் மூன்று பையன்கள், முதல் நாள் இரவு அவன் சாப்பிட்டது பிரெட்டும் வாழைப்பழமும். இது எனக்குத் தெரியும். அப்படி ஆடுகிற ஒருவனுக்குத் திறமை இருக்கிறதா இல்லையா என்பதையே நாம் கண்டுபிடிக்க முடியாது.

சரி, நாகலுக்கு வருவோம். ஃபெடரர் ஆட்டத்துக்குப் பிறகு புவனஸ் அயர்ஸ் சேலஞ்சரில் பட்டம். 2020 அமெரிக்க ஓப்பனில் பிராட்லி கிளானைத் தோற்கடித்து முதன்மைச் சுற்றில் முதல் வெற்றி. 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் டெனிஸ் இஸ்தோமினை வென்றார். 1996ல் லியாண்டர் பயஸுக்குப் பிறகு ஒலிம்பிக் ஒற்றையரில் ஒரு இந்திய ஆண் வென்றது அதுதான். அந்த ஆண்டின் கடைசியில் இடுப்பு அறுவை சிகிச்சை. மாதக்கணக்கில் ஆட முடியவில்லை. 2023 தொடங்கும்போது தரவரிசை ஐந்நூறைத் தொட்டு நின்றது. அங்கிருந்து மறுபடி ஏறினார். ரோமில் ஒரு சேலஞ்சர் பட்டம், ஃபின்லாந்தின் தம்பெரேவில் இன்னொன்று. அப்படி ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த ஆண்டு செப்டம்பரில், தன் வங்கிக் கணக்கில் இருப்பது 900 யூரோ என்றார். நம் பணத்தில் சுமார் 80,000 ரூபாய். நாட்டின் முதல் நிலை ஒற்றையர் ஆட்டக்காரர் சொன்னது இது. ஆண்டுச் செலவு 80 லட்சத்திலிருந்து ஒரு கோடி, அதுவும் ஒரே ஒரு பயிற்சியாளரோடு, பிசியோ இல்லாமல் என்றும் சொன்னார். ஒன்றுமே கிடைக்கவில்லை என்று அவர் புலம்பவில்லை. இந்தியன் ஆயில் சம்பளம், மகா டென்னிஸ் அறக்கட்டளையின் உதவி, ஜெர்மனியில் பயிற்சிக்குக் கைகொடுத்த நண்பர்கள், இவர்களையெல்லாம் நன்றியோடு சொன்னார். போதவில்லை, அவ்வளவுதான்.

நாலு மாதத்தில் ஆஸ்திரேலிய ஓப்பன். தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் ஜெயித்து உள்ளே போய், 31ஆவது சீட் (தரவரிசைப்படி முன்னணி ஆட்டக்காரர்களுக்குத் தரும் இடம்) வாங்கிய அலெக்சாண்டர் பப்ளிக்கை 6-4, 6-2, 7-6 என்று சாய்த்தார். 1989ல் அதே போட்டியில் நம் ரமேஷ் கிருஷ்ணன் அன்றைய முதல் நிலை வீரர் மாட்ஸ் விலாண்டரை வீழ்த்திய பிறகு, கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் சீட் பெற்ற ஒருவரை இந்திய ஆண் வென்றது அன்றுதான். பரிசு 1,80,000 ஆஸ்திரேலிய டாலர். ஏறக்குறைய ஓராண்டுச் செலவு ஒரே வாரத்தில் கிடைத்தது. அடுத்த மாதம் சென்னையில் நாம் கைதட்டினோம். ஜூலையில் 68 வரை போனார்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். நம் பணம் எப்போதும் வெற்றிக்குப் பிறகு வருகிறது. டென்னிஸ் கேட்பதோ வெற்றிக்கு முன்னால். மற்ற விளையாட்டுகளில் தேசியப் பதக்கம், ஆசியப் பதக்கம் என்று பதினெட்டு வயதிலேயே காட்ட ஏதோ இருக்கும். அரசுத் திட்டங்கள் பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான் கொடுக்கின்றன. நம் மாநிலத்தில் எலீட் திட்டம் இருக்கிறது, சர்வதேசப் பதக்கங்களைக் குறிவைக்கும் மிம்ஸ் இருக்கிறது, சாம்பியன்களுக்கான மேம்பாட்டுத் திட்டமும் இருக்கிறது. நல்ல திட்டங்கள், எத்தனையோ தடகள வீரர்களுக்குச் சோறு போட்டவை. ஆனால் டென்னிஸில் பத்தொன்பது வயதுப் பையன் காட்டக்கூடியது எம்15 போட்டியில் ஒரு கால் இறுதி. அதற்கு எந்தப் பதக்கமும் கிடையாது. அவன் ஐந்து ஆண்டு கழித்து யாராக வருவான் என்று நம்பித்தான் கொடுக்க வேண்டும். அந்த நம்பிக்கையை அரசு அதிகாரியிடம் எதிர்பார்ப்பது கஷ்டம். ஆட்டம் தெரிந்த உங்களிடம்தான் கேட்க முடியும்.

ஏடிபி 2024ல் அடிப்படை வருமான உத்தரவாதம் ஒன்றைக் கொண்டுவந்தது. முதல் நூறு பேருக்கு அந்த ஆண்டில் 3,00,000 டாலர், 175 வரை 1,50,000, 250 வரை 75,000. வருமானம் குறைந்தால் மீதியை அவர்கள் நிரப்புவார்கள். பெரிய விஷயம். ஆனால் 251ஆவது ஆளுக்கு இது இல்லை. ஆறு டாலரோடு விமானம் ஏறிய நாளில் நாகல் முந்நூறுக்கு வெளியே. அன்றைக்கே இந்தத் திட்டம் இருந்திருந்தாலும் அவருக்குக் கிடைத்திருக்காது. 250க்குக் கீழே இருப்பவனை உலக அமைப்பு பார்க்காது, வீட்டார்தான் பார்க்க வேண்டும். அந்த வீட்டார் நீங்கள்.

இத்தாலியைப் பாருங்கள். 2019 பிப்ரவரியில் பெர்கமோ என்ற ஊரில் ஒரு சேலஞ்சர். உலகத் தரவரிசையில் ஐந்நூறுக்கும் வெளியே இருந்த 17 வயதுப் பையனுக்கு வைல்ட் கார்டு, அதாவது தரவரிசை பார்க்காமல் தரும் இடம், கொடுத்தார்கள். அவன் பட்டத்தையே எடுத்தான். யானிக் சின்னர். அதே ஆண்டின் கடைசியில் மிலானில் நடந்த இளையோர் இறுதிப் போட்டியில் இத்தாலியருக்கென்று வைத்திருந்த இடத்தில் ஆடி அதையும் வென்றான். சின்னர் அபூர்வமான ஆள், எங்கே பிறந்திருந்தாலும் வந்திருப்பார் என்று சொல்லலாம். இருக்கட்டும். ஆனால் இத்தாலியில் ஒரு இளைஞன் சொந்த நாட்டிலேயே, காரிலும் ரயிலிலும் போய், மாதா மாதம் சேலஞ்சரும் அதற்குக் கீழான போட்டிகளும் ஆட முடியும். ஒரு வாரம் தோற்றால் வீட்டுக்குப் போய் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு அடுத்த வாரம் திரும்பலாம். நம்மிடம் சென்னை, டெல்லி, புனே, பெங்களூரு என்று நாலு சேலஞ்சர், எல்லாம் ஆண்டின் முதல் மூன்று மாதத்துக்குள் நெருக்கியடித்து முடிந்துவிடுகின்றன. அந்த வாரங்களில் தசை பிடித்துக்கொண்டால் அடுத்த வாய்ப்புக்கு ஒரு வருடம்.

வீட்டு ஆடுகளம் என்ன செய்யும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? 2009ல் அமெரிக்கக் கல்லூரி டென்னிஸை முடித்து வந்திருந்த சோம்தேவ் தேவ்வர்மனுக்குச் சென்னை ஓப்பனில் வைல்ட் கார்டு தந்தீர்கள். கார்லோஸ் மோயாவைத் தோற்கடித்தார், இவோ கார்லோவிச்சைத் தோற்கடித்தார், இறுதி வரை போய் குரோஷியாவின் மரின் சிலிச்சிடம்தான் தோற்றார். அந்த வாரம் மாடத்தில் இருந்தவர்கள் இன்னும் அதை மறக்கவில்லை. 2014ல் அதே சோம்தேவை 19 வயது ராம்குமார் ராமநாதன் அதே மைதானத்தில் வீழ்த்தினார். வெளிநாட்டு இளைஞர்களுக்கும் இந்த அரங்கு ஏணியாக இருந்திருக்கிறது. 2004ல் 17 வயது ரஃபேல் நடால் இங்கே இரட்டையர் பட்டம் வாங்கினார். 2017 ஜனவரியில் ஒரு மெலிந்த ரஷ்யப் பையன் தன் முதல் ஏடிபி இறுதிப் போட்டியை இங்கே ஆடித் தோற்றான். டானில் மெத்வதேவ். டோக்கியோவில் இரண்டாம் சுற்றில் நாகலைத் தோற்கடித்தவர் அவர்தான். அந்த 2017தான் சென்னையின் கடைசி ஏடிபி போட்டியும். புனேவுக்குப் போனது, இப்போது இந்தியாவிலேயே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான். ஆனால் பெரிய போட்டியைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று கேட்க இந்த மடலை எழுதவில்லை. நான் கேட்பது சின்னப் போட்டிகளை.

துனிசியாவில் மொனாஸ்டிர் என்று ஒரு கடற்கரை ஊர். வருடத்தில் பெரும்பாலான வாரங்கள் அங்கே எம்15 போட்டி நடக்கிறது. நம் பையன்கள் பலர் அங்கே போய் மூன்று நாலு வாரம் தங்கி ஆடுகிறார்கள். ஒரே ஓட்டல், நடுவில் விமானச் செலவு இல்லை, தோற்றாலும் அடுத்த திங்கள் அடுத்த போட்டி. புள்ளிக்காக ஒரு தமிழ்ப் பையன் வட ஆப்பிரிக்கா வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. ஜூலையிலும் செப்டம்பரிலும் சென்னை, கோவை, மதுரை என்று தொடர்ந்து மூன்று வாரம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் போட்டிகளை வையுங்கள். கோவையிலும் மதுரையிலும் களங்களைத் தயார் செய்யுங்கள். வெளியூர்ப் பையன்களுக்குத் தங்க ஒரு கல்லூரி விடுதியைப் பேசி ஏற்பாடு செய்யுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருவன் ரயில் டிக்கெட்டுக்குச் செலவழிப்பது ஆயிரங்களில் முடிந்துவிடும்.

அதோடு ஒரு பயிற்சியாளரை நாலு பேருக்குப் பொதுவாக அனுப்புங்கள். மாநிலத்தில் 18 முதல் 23 வயது வரை தொழில்முறையில் ஆடுபவர்களில் நாலு பையன், நாலு பெண் என்று எடுத்துக்கொண்டு, நாலு ஆண்டுக்கு ஒப்பந்தம் போடுங்கள். முதல் இரண்டு ஆண்டில் தரவரிசையைக் கேட்காதீர்கள். எத்தனை போட்டி ஆடினார், எத்தனை நாள் பயிற்சிக்கு வந்தார், உடம்பு எப்படி இருக்கிறது, அதை மட்டும் கேளுங்கள். பின்னால் முதல் நூறுக்குள் போனால் பரிசுப் பணத்தில் ஒரு பங்கு திரும்பத் தரட்டும், அடுத்த நாலு பேருக்கு அது போகட்டும். தர மறுக்கும் ஆளை நான் பார்த்ததில்லை. கஷ்டத்தில் கைகொடுத்தவர்களை ஆட்டக்காரர்கள் மறப்பதில்லை. நாகல் ஒவ்வொரு பேட்டியிலும் பூபதி பெயரைச் சொன்னவர்.

வைல்ட் கார்டு யாருக்கு என்பதையும் முன்கூட்டியே விதியாக எழுதி வையுங்கள். இன்ன போட்டியில் ஜெயித்தவருக்குச் சென்னை ஓப்பன் தகுதிச் சுற்றில் இடம், இன்ன வயதுக்குள் முன்னணியில் இருப்பவருக்கு மெயின் டிரா என்று. போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் யார் யாரைப் பார்த்துப் பேசினார்கள் என்ற பேச்சுக்கே இடம் வேண்டாம். உங்களுக்கும் அது நிம்மதி.

நாகலுக்கும் அகில இந்திய சங்கத்துக்கும் நடுவே, நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பை பற்றியும் பணம் பற்றியும் பகிரங்கமாக உரசல் வந்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒன்று மட்டும் எனக்குத் தோன்றியது. பத்தொன்பது வயதில் கூட நின்றிருந்தால் இருபத்தேழு வயதில் அந்தப் பேச்சு இத்தனை கசப்பாக வந்திருக்காது. 2025 செப்டம்பரில் ஸ்விட்சர்லாந்தின் பீல் நகரில் இந்தியா டேவிஸ் கோப்பை ஆட்டத்தை வென்றது. ஐரோப்பிய மண்ணில் 1993க்குப் பிறகு கிடைத்த வெற்றி. அதில் நாகல் இரண்டு ஒற்றையரையும் ஜெயித்தார். முதல் ஆட்டத்தில் ஜெரோம் கிம்மைத் தோற்கடித்துத் தொடங்கி வைத்தவர் நம் மதுரைக்காரர், தட்சிணேஸ்வர் சுரேஷ். அவரும் சோம்தேவைப் போலவே அமெரிக்கக் கல்லூரி வழியாக வந்தவர். களம், பயிற்சியாளர், பிசியோ, சாப்பாடு, படிப்பு எல்லாவற்றையும் ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகம் தந்து நம் பையனை வளர்த்து அனுப்புகிறது. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நன்றி. அண்ணா பல்கலைக்கழகத்தோடோ நம் தனியார் கல்லூரிகள் இரண்டு மூன்றோடோ உட்கார்ந்து பேசினால், அதில் பாதியையாவது இங்கே செய்ய முடியாதா?

கோவையின் மாயா ராஜேஸ்வரன் 2025 பிப்ரவரியில், 15 வயதில், மும்பையில் நடந்த பெண்களுக்கான டபிள்யூடிஏ 125 போட்டியில் அரையிறுதிக்குப் போனார். இப்போது மயோர்காவில் நடால் அகாடமியில் பயிற்சி. அவருக்கு முன்னால் பதினெட்டிலிருந்து இருபத்துமூன்று வரையான வருடங்கள் அப்படியே காத்திருக்கின்றன. அவர் பெயர் இன்று செய்தியில் இருப்பதால் நாலு பேர் உதவுவார்கள். அவரோடு ஒரே கோர்ட்டில் பந்து அடித்து வளர்ந்து, செய்தியில் வராத மற்ற பெண்களை யார் பார்ப்பார்கள்?

அடுத்த சென்னை ஓப்பன் தகுதிச் சுற்று ஞாயிறு காலை தொடங்கும். அன்று மாடத்தில் ஆள் இருக்காது. பக்கத்துக் களங்களில் பையன்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். தன் பாட்டிலைத் தானே நிரப்பிக்கொண்டு, தன் கணுக்காலுக்குத் தானே டேப் சுற்றிக்கொண்டு, செட்டுக்கு நடுவே யாரிடமும் பேச ஆளில்லாமல் துண்டைத் தலையில் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நானும் என் அக்கா மகனும் அங்கே இருப்போம். இறுதி ஆட்டத்தன்று பரிசு கொடுக்க வரும் நீங்கள் அந்த ஞாயிறு காலையும் ஒரு மணி நேரம் வாருங்கள். தோற்று வெளியே வரும் பையனிடம் அடுத்த வாரம் எங்கே ஆடப் போகிறாய், எப்படிப் போகப் போகிறாய் என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

அன்புடன்,
நுங்கம்பாக்கம் மாடத்தின் ஒரு பழைய ரசிகன்